வளிமாசும் சுவாசப்பாதை அழற்சியும்

காற்றிற் கலந்த புகை, தூசு, நச்சு வாயுக்கள் ஆகியவற்றால் நாசியிலும் மூச்சுக்குழல்களிலும் உண்டாகும் வீக்கமும் எரிச்சலும் வளிமாசு அழற்சி எனப்படும். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களுள் பெரும்பாலானவற்றை நாசியின் ரோமங்களும் சளிச்சவ்வும் தடுத்துவிட, 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்களோ அக்காவலைக் கடந்து நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று தங்குகின்றன. நீரில் எளிதிற் கரையும் கந்தக டையாக்சைடு மேற்பாதையின் ஈரத்திலேயே அமிலமாகி உறுத்த, அங்ஙனம் கரையாத ஓசோன் ஆழமாக இறங்கி நுண்குழல்களைத் தாக்குகிறது. இவற்றாற் சேதமுற்ற மேற்புறச் செல்கள் சைட்டோகைன் என்னும் இரசாயனப் பொருள்களைச் சுரந்து இரத்தத்தின் வெள்ளணுக்களை அழைப்பதால், நாளங்கள் விரிந்து, சவ்வு தடித்து, சளி பெருகி, மூக்கடைப்பும் இருமலும் தோன்றுகின்றன. டீசல் புகைக்கரி, ஒவ்வாமை எதிர்ப்பொருளின் உற்பத்தியையும் மிகுவித்து, மகரந்தத்தால் வரும் தும்மலையும் ஆஸ்துமாவையும் உக்கிரமாக்க வல்லது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஏறத்தாழ 4,000 உயிர்களைக் கவர்ந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. முதியோரும், நெடுங்கால மார்புநோயாளரும், சிசுக்களுமே அதனால் மிகுதியும் துன்புற்றனர். அப்பேரிடரின் விளைவாக 1956-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், புகை கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளை வகுக்க வழிசெய்து, மக்கள் சுவாசிக்கும் காற்றின் சுத்தியைக் காப்பது அரசின் தர்மமென நிலைநாட்டியது.