பேணித் தகடும் மண்ணெண்ணெய்க் காரும்



லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிற எங்களில் எத்தனை பேர் அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகைகளை நிமிர்ந்து பார்த்திருப்போம்? ரூ காய், புகையிரத எஞ்சின் செய்து பெரும் செல்வந்தரான ஜோன் பிரான்சுவா காய் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பக்கத்து ரூ பெர்தொனே ஒரு புகையிரதப் பொறியியலாளரின் பெயர். ரூ பிலிப் து ஜிரார், லினன் நூல் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவருடையது. இவர்களுக்கு நடுவே ரூ லூயி-பிளாங். லூயி பிளாங் (1811 – 1882) இயந்திரக்காரர் அல்லர். எல்லோருக்கும் வேலை செய்யும் உரிமை வேண்டும், தொழிலாளர் தாங்களே நடத்தும் பட்டறைகள் வேண்டும் என்று 1839இல் எழுதியவர். 1848 புரட்சியின்போது திறக்கப்பட்ட தேசியப் பட்டறைகள் அவர் கேட்ட மாதிரி அமையவில்லை. அவற்றையும் அந்த ஜூனிலேயே மூட முற்பட, தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பாரிஸ் தெருக்களில் இரத்தம் ஓடியது.

இந்தத் தெருக்களில் இன்று நடமாடும் எங்கள் மூத்த தலைமுறையில், பட்டறையே இல்லாமல் கார் திருத்தத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அந்தத் திறமையின் ஒரு சிறு துண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரை வீட்டு முற்றத்தில் வைத்து ஒட்டுகிற வேலை. என்ன பெரிய விடயம் என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் 1990களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பெரியாஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் சேராததும் சில வேளைகளில் இப்படிப்பட்ட ஒட்டுவேலைகளில்தான் தங்கியிருந்தது.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாங்கள் ஊரில் முழுக் குழாயையும் சேர்த்தே சைலன்சர் என்றோம். இங்கே வளரும் பிள்ளைகள் எஷாப்மோன் என்கிறார்கள். பிரெஞ்சில் அதன் வேர்ச்சொல்லுக்குத் தப்பிப்போதல் என்று பொருள். புகை தப்பிப்போகும் வழி. சத்தம் அடங்கும் பெட்டி. வேலை இரண்டும் ஒரே குழாய்க்குத்தான். சத்தம் அடக்கும் பெட்டிக்கு அமெரிக்காவின் றீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் உரிமம் பெற்றார்கள். பின்னர் இதே துறையில் உழைத்த ஹைரம் பெர்சி மக்சிம் என்பவர், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மக்சிமின் மகன். தகப்பன் உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார். மகன் துப்பாக்கிக்கும் காருக்கும் சத்தமடக்கி செய்தார். அதோடு நில்லாமல் 1914இல் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கத்தையும் தொடங்கிவைத்தார். வானொலிக்காரர் நாங்கள் அவரை நினைவில் வைத்திருப்பதில் தவறில்லை.

சைலன்சர் ஏன் துருப்பிடிக்கிறது? மழைத்தண்ணீரும் சேறும் காரணம் என்றே பலரும் நினைக்கிறோம். பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாக வெளியேறிவிடும். கடைக்கும் கோயிலுக்கும் என்று சிறு தூரம் ஓடி நிறுத்தினால், குளிர்ந்த குழாய்க்குள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் அந்தத் தண்ணீரில் அமிலமும் சேரும். ஆகவே வெளியே பெயின்ற் பளபளக்க, உள்ளே உருக்கு கரைந்துகொண்டிருக்கும். தூர ஓட்டம் ஓடுகிற காரின் சைலன்சர் நெடுநாள் இருப்பதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற காரின் சைலன்சர் உக்கிப்போவதும் இதனால்தான். வெளியிலிருந்து தாக்குவது உப்பு. யாழ்ப்பாணத்தில் அது கடற்காற்றோடு வந்தது. இங்கே மாரியில் பனி உருகத் தெருவில் தூவுகிறார்கள்.

இனி ஊருக்குப் போவோம். 1960களிலிருந்து 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் ஏற்கெனவே வந்திருந்த ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஹயரிங் கார் என்றால் கண்ணில் வருவது ஏ40தான். 1950களில் வாங்கிய காரை 1980களிலும் ஓட்டவேண்டுமானால் ஒவ்வொரு சாரதியும் அரை மெக்கானிக்காக இருந்தே ஆகவேண்டும். எங்கள் ஒட்டுவேலைக் கல்வி போருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து முதலான பொருள்கள் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஆனையிறவுப் பாதை மூடப்பட, சனங்கள் கொம்படி – ஊரியான் வழியாகவும், பிறகு கிளாலிக் கடலேரியில் வள்ளத்திலும் உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்தார்கள். பெற்றோல் கிடைத்தால் போத்தல் கணக்கில்தான், அதுவும் வாய்க்கு வந்த விலையில். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்துகொண்டிருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. வெரித்தாஸும் தமிழோசையும் கேட்பதற்காக வீட்டுக்கு ஒருவர் மிதித்தார்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதை எங்கள் ஆட்களின் அதிசயக் கண்டுபிடிப்பு என்று சொல்லிப் பெருமைப்படுவதுண்டு. பெருமைப்படலாம், ஆனால் விளக்கம் பழையது. 1917இல் வந்த ஃபோட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடியதுதான். ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ 7 மடங்குதான் அமுக்கின. இன்றைய எஞ்சின்கள் 10 மடங்குக்கும் மேல் அமுக்குகின்றன. கூடுதலாக அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆகவே புதிய யப்பான் கார்கள் வீட்டில் நிற்க, கிழட்டு ஏ40கள் தெருவில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாரதிக்குத் தேவையான பெற்றோல் ஒரு சிறிய போத்தலுக்குள் அடங்கியது.

எங்கள் ஆட்களின் உண்மையான கெட்டித்தனம் காரை ஓடவைத்ததில் இல்லை, ஓட ஓட வந்த கேடுகளைச் சமாளித்ததில்தான் இருக்கிறது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்ரன் ஓரமாக வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். மிச்சம் சைலன்சருக்குள் போய்ப் பசையும் கரியுமாகப் படியும். ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க அதைவிடத் தோதான பொருள் இல்லை. ஏற்கெனவே முப்பது நாற்பது வயதான கார்; புதிய குழாய் வருகிற பாதையோ கிளாலி. ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒட்டுகிற முறை உலகம் முழுவதும் ஒன்றுதான். காரை ஆற விடவேண்டும். ஜாக்கில் மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. மரக்குற்றியோ கல்லோ முட்டுக் கொடுக்கவேண்டும். பிறகு ஸ்பானரால் குழாயைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல உருக்கு கணீரென்னும், உக்கியது பொத்தென்னும். தட்டத் தெரிந்தவருக்கு ஓட்டை எங்கே என்பதோடு, அடுத்த ஓட்டை எங்கே வரும் என்பதும் தெரியும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்கவேண்டும். பால்மாப் பேணியைத் திறந்து தட்டையாக்கி, ஓட்டைக்கு இரு பக்கமும் நல்ல உருக்கைப் பிடிக்கக்கூடிய அகலத்தில் வெட்டிச் சுற்றவேண்டும். மூட்டு மேற்பக்கம் வரட்டும், கீழே வந்தால் தண்ணீர் தேங்கும். அடியில் சூடு தாங்கும் பசை, மேலே இரண்டு கிளிப் அல்லது முறுக்கிய கம்பி. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பசையை இறுகவைத்து, ஆறியதும் இன்னொரு முறை முறுக்கவேண்டும். சவர்க்காரத் தண்ணீர் தடவினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே இன்னும் காற்றுப் போகிறது. பேணித் தகடு மெல்லியது, சில மாதங்களில் அதுவும் துருப்பிடிக்கும். அப்போது அடுத்த பேணி.

கடைகளில் விற்கிற ஒட்டுப் பசையின் முக்கிய சரக்குகளில் ஒன்று சோடியம் சிலிக்கேற்று. சூடேற இறுகிக் கல்லாகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2009இல் அமெரிக்க அரசாங்கம் பழைய கார்களைக் காசு கொடுத்து வாங்கி அழித்தபோது, எஞ்சின் இனி எழும்பக்கூடாது என்பதற்காக ஒயிலுக்குப் பதிலாக ஊற்றி ஓடவிட்டதும் இதே சோடியம் சிலிக்கேற்றைத்தான். சைலன்சரில் பூசினால் மருந்து, எஞ்சினுக்குள் ஊற்றினால் நஞ்சு.

நஞ்சு என்றதும் சொல்லாமல் விடமுடியாத ஒன்று இருக்கிறது. சைலன்சர் ஓட்டை வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. வருகிற புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. நிறமும் மணமும் இல்லாதது. அது எப்படிக் கொல்கிறது என்பதை 1850களில் இந்தப் பாரிஸ் நகரில்தான் குளோட் பேர்னார்ட் ஆராய்ந்து விளக்கினார். குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஈமோகுளோபினை அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். தலையிடி, வாந்தி, மயக்கம், அதன்பின் விழிப்பில்லை. ஏ40இன் அடித்தட்டும் துருப்பிடித்திருந்தால் புகை நேரே உள்ளே வரும். வெக்கைக்காக யன்னல் திறந்தே கிடந்தது பலரைக் காப்பாற்றியிருக்கும். மண்ணெண்ணெய்ப் புகையின் எரிவுக்குப் பயந்து கண்ணைக் கசக்கினோம். கண்ணுக்குத் தெரியாததை நினைக்கவில்லை. குண்டு விழுகிற ஊரில் புகைக்கு யார் பயப்படுவது?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, இந்தக் கார்களும் அந்த வரிசையில் ஊர்ந்தன. நோயாளிகளையும் வயோதிபரையும் ஏற்றிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன.

அதே ஆண்டுகளில் பிரான்சில் என்ன நடந்தது தெரியுமா? 1994 பெப்ரவரியிலிருந்து 1995 ஜூன் வரை, 10 வயது தாண்டிய காரை உடைக்கக் கொடுத்துப் புதுக்கார் வாங்குவோருக்கு அரசாங்கம் 5000 பிராங் கொடுத்தது. பிரதமர் பலாடூரின் பெயரால் பலாடூரெத் என்று அதை அழைத்தார்கள். 1995 ஒக்டோபரில் அடுத்த பிரதமர் ஜூப்பே அதே மாதிரி இன்னொரு திட்டத்தைத் தொடங்கினார். அங்கே நாற்பது வயதுக் காருக்கு பால்மாப் பேணி. இங்கே பத்து வயதுக் காருக்கு இறுதிச்சடங்குக் காசு. கார் விற்பனை மந்தமாக இருந்ததால் பிரான்ஸ் அப்படிச் செய்தது; அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் இங்கு வந்திறங்கிய எங்கள் ஆட்களுக்கு, வரிசையாக நசுக்கப்படும் கார்களைப் பார்க்கையில் வயிறு எரிந்ததும் நியாயம்தான்.

கைத்தொழில் தெரிந்தவர்கள் அதை இங்கேயும் பயன்படுத்தினார்கள், இன்னமும் பயன்படுத்துகிறார்கள். முற்றம் இல்லாத நகரம் என்பதால் புறநகரில் யாராவது ஒருவரின் வளவுக்குள் வேலை நடக்கும். ஆனால் கார் மாறிவிட்டது. 1993 முதல் ஐரோப்பாவில் புதிய பெற்றோல் கார்களுக்குக் கத்தலிசேர் கட்டாயமானது. அதற்கு முன்னால் குழாயில் ஒட்சிசன் அளக்கும் சென்சர் ஒன்று இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு சிறிய ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். எரிபொருள் போதவில்லை என்று சென்சர் தவறாக அறிவிக்க, கார் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். போகப் போகக் கத்தலிசேரும் கெடும். அங்கே பேணித் தகடு வேண்டாம். பின்பக்கப் பெட்டிக்கும் அதை ஒட்டிய குழாய்க்கும் ஒட்டலாம், அதுவும் புதியது மாற்றும்வரைதான். பிரான்சில் 1992 முதல் கட்டாயமான கொன்ரோல் தெக்னிக்கில் புகையையும் பார்ப்பார்கள், ஒழுக்கையும் பார்ப்பார்கள்.

பழைய முறையில் கைவிடவேண்டியவையும் உண்டு. முன்பு உலகெங்கும் சைலன்சரில் அஸ்பெஸ்ரஸ் கயிறும் துணியும் சுற்றினார்கள். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். பிரான்ஸ் 1997 ஜனவரியில் அதைத் தடைசெய்தது. பழைய காரில் அப்படி ஏதும் சுற்றியிருந்தால் சுரண்டாதீர்கள். நாகம் பூசிய தகட்டை வெல்ட் பண்ணினால் வரும் வெள்ளைப் புகை அன்றிரவே காய்ச்சல் தரும். கட்டடத்துக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டுப் பசை காயவைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. தயவுசெய்து வெளியே கொண்டுவாருங்கள்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது வான்களும் புதிய மோட்டார் சைக்கிள்களும் யாழ்ப்பாணத்தில் நிறைந்தன. ஏ40கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டின. ஆனாலும் 2020 மார்ச்சில் இலங்கை மறுபடி வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது. தனியார் கார் இறக்குமதிக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒட்டத் தெரிந்த கைகளுக்கு வேலையும் கிடைத்தது.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், இந்தக் கைகளின் அருமையை முன்பே கண்டவர். அந்தக் காரை வெள்ளைக்காரர் செய்து முடித்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990களில், அதற்கான உதிரிப்பாகங்கள் அவருடைய கூட்டு முயற்சியால் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின.