கடன்சொல்லும் வம்சாவளியும்

ஆர்மீனியத்தை ஈரானியக் கிளையென்றே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினார்கள். காரணம், அதில் குவிந்துகிடந்த ஈரானியச் சொற்கள். 1875இல் ஹூப்ஷ்மான் அவற்றைக் கடனென்று பிரித்தார், மிஞ்சியது தனிக்கிளை. சமஸ்கிருதத்தின் 'த்வா' (இரண்டு) ஆர்மீனியத்தில் 'எர்கு'. காதுக்கு ஒட்டவே ஒட்டாது; ஒலிமாற்ற விதிதான் உறவைக் காட்டுகிறது.

இதே பிரித்தறிதலை 1816இல் சென்னையில் எல்லிஸ் செய்துவிட்டார்: தெலுங்கின் வடசொற்களை விலக்கி, வேர்களைத் தமிழோடும் கன்னடத்தோடும் ஒப்பிட்டார்.

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் சாவி, ஜன்னல், வக்கீல் என்று பேசுகிறோம். அதனால் தமிழ் போர்த்துகீசியத்துக்கோ அரபிக்கோ பிறந்ததாகிவிடுமா? ஆக, கடன்சொல்லை எண்ணி 'வடமொழியின் மகள்' என்பதும், காதில் பட்டதையெல்லாம் தமிழ் வேரென்பதும் ஒரே தப்புதான். இரண்டுமே மொழிக்குப் பூர்வீகப் பட்டா எழுதுகிற அதிகார வேலை.