லிதுவேனிய மொழி: எழுத்தும் ஒலிப்பும் – ஒரு தொடக்க அறிமுகம்

லிதுவேனிய உழவரிடம் சமஸ்கிருதத்தில் பேசினால் அவருக்குப் பொருள் விளங்கிவிடும் என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இது மிகைக்கூற்று. சமஸ்கிருதத்திற்கு மிக அணுக்கமானது ஈரானியக் கிளையே. லிதுவேனியமோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சார்ந்தது. லாத்வியம் அதன் உடன்பிறப்பு. பழைய பிரஷ்ய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. பால்டிக் மக்களையும் ஆரியரையும் ஒப்பிட்டுச் சுநீதி குமார் சட்டர்ஜி எழுதிய ஆங்கில நூலை 1968இல் சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. இந்திய வாசகர் இத்துறையில் நுழைய அது இன்றும் நல்ல வாயில்.

மொழியுறவை நிறுவுவது சொற்களின் மேலோட்டமான ஒற்றுமை அன்று. ஒலி மாற்றத்தின் ஒழுங்கே. பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் குடியேறும் தமிழர், கன்னடம் கற்கத் தொடங்கிய சில நாள்களிலேயே பால் 'ஹாலு' எனவும், பூ 'ஹூவு' எனவும், புலி 'ஹுலி' எனவும் வருவதைக் கண்டுகொள்வார். பழங்கன்னடத்தின் சொன்முதற் பகரம் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் ஹகரமாகத் திரிந்ததன் விளைவு இது. லிதுவேனியத்தையும் இவ்வாறே அணுகவேண்டும். மூலமொழியின் மூச்சொலிகள் அதில் மூச்சிழந்து நிற்கின்றன. புகையைக் குறிக்கும் வடசொல் 'தூம' என்பதன் முதலெழுத்து மூச்சொலி. லிதுவேனிய 'தூமஸ்' என்பதில் அது வெறும் ஒலிப்புடைத் தகரம். ஓநாய் 'வில்கஸ்', மகன் 'ஸூனுஸ்', ஆடு 'அவிஸ்', கனவு 'ஸப்னஸ்'. நம் வழக்கிலுள்ள சொப்பனம் இவற்றுள் கடைசிச் சொல்லோடு உறவுடையது.

பழமை மிகுதியும் தங்கியிருப்பது பெயர்ச்சொல்லின் ஈற்றில். முதல் வேற்றுமையின் ஸகர ஈறு இன்றும் உயிருடன் உள்ளது. ஷேக்ஸ்பியரும் அங்கே 'ஷெக்ஸ்பீரஸ்' ஆகிறார். விளியோடு சேர்த்து வேற்றுமை ஏழு. வினைச்சொல்லில் இத்துணைப் பழமை இல்லை. படர்க்கை வினையில் ஒருமை, பன்மை வேறுபாடே மறைந்துவிட்டது.

இத்தகைய மொழி எழுத்துக்கு வந்தது பிந்தியே. மார்டினஸ் மாஜ்விதஸ் தொகுத்த கிறித்தவ வினாவிடை நூல் 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில் அச்சாயிற்று. லிதுவேனியத்தின் முதல் அச்சுநூலான அதனுள்ளேயே எழுத்தறிமுகப் பகுதியும் இருந்தது என்பது நோக்கத்தக்கது. தமிழ் முதன்முதலில் அச்சேறிய நூலும் சமய நூலே; 1554இல் லிஸ்பனில் வெளிவந்த அதில் தமிழ் ரோமன் எழுத்தில் நின்றது. தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. நமக்கு எழுத்து முன்பே இருந்தது, அச்செழுத்தே தேவைப்பட்டது. லிதுவேனியர் எழுத்தையே பிறரிடம் பெற்றனர்.

பெற்ற எழுத்தையும் காக்க வேண்டியிருந்தது. 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ரஷ்யப் பேரரசு, 1864 முதல் லிதுவேனியத்தை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதைத் தடைசெய்து, சிரிலிக் எழுத்தைத் திணித்தது. மக்கள் அந்நூல்களை ஏற்கவில்லை. எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில், தில்சித் முதலிய ஊர்களில் அச்சிட்ட நூல்களை உழவர்கள் மூட்டையாகச் சுமந்து இரவில் எல்லை கடந்தனர். 'க்னிக்னெஷிஸ்', அதாவது நூல்சுமப்போர், என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். பிடிபட்டோர் பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1904இல் தடை நீங்கியது. யோனஸ் யப்லோன்ஸ்கிஸ் புனைபெயரில் எழுதிய இலக்கணம், தடைக்காலத்திலேயே 1901இல் தில்சித்தில் வெளிவந்தது. இன்றைய பொதுமொழிக்கு அடிப்படை அதுவே.

இன்றைய நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். ஷகரத்துக்கும் சகரத்துக்கும் போலிஷ் முறையில் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதிய வழக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டு, செக் மொழியைப் பின்பற்றித் தலையில் கொக்கியிட்ட ஒற்றையெழுத்துகள் வந்தன. சில உயிரெழுத்துகளின் கீழ் வரும் வால், பழைய மூக்கொலியின் சுவடு. இன்று அது நெடிலையே குறிக்கும். ஆங்கிலத்தின் 'ஒய்' எழுத்து இங்கே ஈகாரம். குறில், நெடில் வேறுபாடு தமிழர்க்குத் தொல்லை தராது. இடர் தருவன வேறு. பகரத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வடிவங்களை நாம் இடம் நோக்கி ஒலிக்கிறோம். அங்கே அவை இரு தனி ஒலியன்கள். இகர எகரங்களின் முன் மெய்கள் அண்ணச்சாயல் பெறும். அகர உகரங்களின் முன் எழுதப்படும் இகரம் பல இடங்களில் தான் ஒலியாது, முன்னுள்ள மெய்யின் மென்மையை மட்டும் காட்டும்.

அனைத்தினும் அரியது அழுத்தம். அது சொல்லில் எவ்வசையிலும் விழலாம். வேற்றுமைக்கேற்ப இடம் மாறும். நெட்டசையில் விழுந்தால் இறங்கு தொனி, ஏறு தொனி என இருவகைப்படும். 'அவுக்ஷ்தஸ்' என்பதை இறங்கு தொனியில் சொன்னால் 'உயரமான' என்று பொருள்; ஏறு தொனியில் சொன்னால் கட்டடத்தின் மாடி. அகராதிகளும் பாடநூல்களும் இக்குறியைத் தரும், நாளிதழ் தராது.