பாதியா, ஆறில் ஒன்றா?

எங்கள் புதுவை லிசேயில் கணக்குப் பாடம் பிரெஞ்சில்தான். லப்லாஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அங்கேதான். பெரிய கணித மேதை, வானியல் அறிஞர் என்று முசியே சொன்னதோடு சரி. அந்த மனிதரின் கணக்கு ஒன்று நாற்பது ஆண்டுகள் கழித்து என் அண்ணி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும் என்று அப்போது நினைக்கவில்லை.

1990களின் நடுவில் ஒரு நாள் இரவு, பாகூரில் இருந்த என் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. வாயுத் தொல்லை என்று நினைத்து அண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்தும் வலி நிற்கவில்லை. வாடகைக் கார் பிடித்துப் புதுவைக்குக் கிளம்பினார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி படித்தேன். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீனைச் சுற்றியுள்ள கிராமப் பகுதியில் நடந்த ஆய்வு அது. 1992ல் முடிவு வெளியானது. மாரடைப்பு வந்தவருக்கு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஊர் டாக்டரே வீட்டில் போடுவதா, மருத்துவமனைக்குப் போன பிறகு போடுவதா என்பதுதான் கேள்வி. வீட்டில் ஊசி பெற்றவர்கள் 163 பேர். மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 13. மருத்துவமனையில் பெற்றவர்கள் 148 பேர், இறந்தவர்கள் 23. இரு தரப்புக்கும் இடையே இருந்த தாமதம் சுமார் இரண்டேகால் மணி நேரம். சாவு 49 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள்.

படித்த வேகத்தில் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "சீக்கிரம் மருந்து போட்டா சாவு பாதியா குறையுதாம் அண்ணி." அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓமத் தண்ணீர் காய்ச்சியதை நான் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த 49ன் மறுபக்கம் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாமஸ் பேயஸ் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1761ல் காலமானார். அவர் விட்டுப்போன காகிதங்களில் இருந்த ஒரு கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763ல் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1774ல் பாரிஸில் லப்லாஸ், பேயஸைப் பற்றித் தெரியாமலே, அதே வழியைத் தாமும் கண்டுபிடித்தார். நடந்ததை வைத்து அதன் காரணத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்கிடும் வழி அது. எழுத்தர் பாஷையில் சொன்னால், இன்று மேசைக்கு வந்த தாளை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுதாதே. பழைய கோப்பையும் எடுத்து வை. இரண்டுக்கும் அதனதன் கனத்துக்கு ஏற்ற மதிப்புக் கொடு.

ஸ்காட்லாந்து ஆய்வு வந்த அதே 1992ல் போகாக், ஸ்பீகல்ஹால்டர் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் இதைத்தான் செய்தார்கள். மொத்தம் 36 மரணங்களை வைத்துப் பாதி என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். முந்தைய ஆய்வுகளையும் ஒரு மூத்த இதய மருத்துவரின் கணிப்பையும் வைத்துப் பார்த்தால், 15 முதல் 20 சதவீதம் பலன் இருப்பதே நம்பத்தக்கது. 40ஐத் தாண்டுவது அரிது. இந்தப் பழைய கோப்பையும் புதிய 49ஐயும் பேயஸ் முறையில் சேர்த்தபோது, சுமார் 25 என்று விடை வந்தது.

இப்படிச் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 1988ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு வேடிக்கையாகவே காட்டியது. மாரடைப்பு வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் சாவைச் சுமார் 23 சதவீதம் குறைத்தது. பிறகு நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரினால் பலனே இல்லை, கொஞ்சம் கெடுதல் என்று வந்தது! (அவர்கள் பார்ப்பது பிறந்த தேதியை வைத்து, நம் ஜாதக ராசி வேறு.) கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டு தற்செயலாக இப்படிக் காட்டும் என்று எச்சரிக்கவே அதைச் செய்தார்கள். வயது, தாமதம், சர்க்கரை நோய் என்று எது முடிவை மாற்றுகிறது எனத் தேடும்போதும் இதே ஆபத்து உண்டு. பேயஸ் முறையில் சிறு பிரிவின் எண் தனியாக நிற்பதில்லை; மொத்தக் கூட்டத்தின் எண் அதைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

2000ஆம் ஆண்டில், மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே ஊசி போட்ட ஆறு ஆய்வுகளை, 6,434 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் சுமார் 17 சதவீதம். கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. பழைய கோப்பு சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

இதை அறிந்த வாரமே பாகூர் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அண்ணியிடம் சொன்னேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு அண்ணி. பாதி இல்லை. நூறு பேருக்கு மாரடைப்பு வந்து பதினஞ்சு பேர் சாகிற இடத்துல, சீக்கிரம் ஊசி போட்டா பன்னிரண்டு, பதிமூணு பேர் சாவாங்க. அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு மூணு பேர்ல உங்க அண்ணன் இருந்திருப்பாரா தம்பி?"

"அதை எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது அண்ணி. லப்லாஸே வந்தாலும் சொல்ல முடியாது."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை வருஷமா பாதின்னே நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறில் ஒன்று சின்ன எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்றாலும் அவர்களும் யாரோ ஒருவரின் அண்ணன்தான். நெஞ்சு வலித்தால் வாயுவா இல்லையா என்று வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள். அதோடு, பத்திரிகையில் "பாதியாகக் குறைந்தது" என்று படித்தால், யாரிடமும் சொல்வதற்கு முன்னால், எத்தனை பேரை வைத்துச் சொன்னார்கள், பழைய கோப்பு என்ன சொல்கிறது என்று ஒரு முறை பாருங்கள். நான் பார்க்கவில்லை.