கார் இல்லாத கராஜ்

தம்புள்ளையில் யாரிடமாவது "கராஜ் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்க. வீட்டோடு ஒட்டின கார் கொட்டிலை யாரும் காட்ட மாட்டாங்க. வாகனம் திருத்துற இடத்துக்குத்தான் வழி சொல்வாங்க. வீட்டில் வண்டி நிறுத்துற இடம் நமக்கு போர்ட்டிகோ, இல்லாட்டி வெறும் ஷெட். அதனால் "கராஜை ஜிம்மாக மாற்றுவது எப்படி" என்று யூடியூபில் வருகிற வெள்ளைக்கார அண்ணாமாரைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும். ஆனா கடந்த ஐந்தாறு வருஷத்தில் இந்தப் பக்க ஷெட்டுகளிலும் இரும்பு வந்து உட்கார்ந்திருக்கு. இதுக்குப் பின்னால் நீண்ட ஒரு கதை இருக்கு. அதில் நம்ம ஆட்களுக்கும் பங்கு இருக்கு.

கர்லாக்கட்டையில் இருந்து தொடங்கலாம். தண்டால், பஸ்கி, கர்லா சுற்றுவது எல்லாம் மல்யுத்தக்காரர்களும் சிலம்பக்காரர்களும் கூட்டமாகச் செய்த பயிற்சிகள். இடம் என்றால் ஒரு மண் தரை, ஒரு ஆசான், ஒரு அனுமார் படம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்காரர்கள் இந்தக் கட்டையைப் பார்த்து, பழகி, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனாங்க. 1834இல் டொனால்ட் வோக்கர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்திலேயே அது இடம்பிடிச்சிருச்சு. கனத்தைக் குறைத்து, வழுவழுப்பாகக் கடைந்து, 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில் பெண்களும் பிள்ளைகளும் அதைச் சுற்றினாங்க. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. களத்தில் இருந்த கருவி வீட்டுக்குள் நுழைந்த முதல் சம்பவங்களில் ஒன்றாக நான் இதைத்தான் பார்க்கிறேன். போன பொருள் நம்முடையது, போய்ச் சேர்ந்த வீடு அவங்களுடையது.

அடுத்தவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷியாவின் கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக் காலத்தில் மேடையேறிப் பேர் வாங்கினார். 1897இல் லண்டனில் பயிற்சி நிலையம் திறந்தார். 1901இல் ரோயல் அல்பர்ட் ஹோலில் அவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர் ஷெர்லொக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டொயில். இதெல்லாம் எல்லாரும் சொல்ற கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய தபால் வியாபாரம். ஸ்பிரிங் வைத்த டம்பெல், இழுக்கிற றப்பர் கயிறு, ஒரு அட்டவணை எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பினார். குருவைத் தேடிப் போக வேண்டாம், சுவரில் அட்டவணையை ஒட்டினால் போதும். டென்மார்க்காரர் மியுலர் 1904இல் அதையும் தாண்டினார்: கருவியே வேண்டாம், நாளைக்கு 15 நிமிஷம் போதும் என்று புத்தகம் போட்டார். எழுத்தாளர் காஃப்கா திறந்த யன்னல் முன்னால் நின்று அதைத்தான் செய்தாராம்.

1904–05இல் சாண்டோ இந்தியா வந்து போனார். போன பிறகும் பேர் போகவே இல்லை. இந்தியாவில் பல ஊர்களில் கையில்லாத பனியனுக்கே 'சாண்டோ' என்று பேர். எம்ஜிஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவரை 'சாண்டோ சின்னப்பா தேவர்' என்றுதான் சொல்வாங்க. சினிமாவுக்கு முன்னால் அவர் கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் தேகப்பயிற்சிசாலை நடத்தியவர். இலங்கையிலும் பல்லால் வாகனம் இழுக்கிறவருக்கு 'சாண்டோ' பட்டம் கிடைக்கும்.

பெங்களூரில் கே.வி. ஐயர் இந்த இரண்டு வழியையும் ஒன்றாகப் பிடித்தார். ஒரு பக்கம் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம், மறு பக்கம் தபால் வழிப் பாடம். 1930இல் 'மஸில் கல்ட்', 1936இல் 'பெர்ஃபெக்ட் பிசிக்' என்று புத்தகங்கள். பார்பெல்லோடு சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். மைசூர் மகாராஜாவும் அவரிடம் பயிற்சி எடுத்தவர்தான். இதோடு கன்னடத்தில் நாவலும் எழுதினார். உடம்பு வளர்க்கிறவனுக்கு மூளை இல்லை என்கிற ஆட்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். தபால் செலவு கட்டக்கூடிய எந்தச் சின்ன ஊர்ப் பையனும் தன் வீட்டு மூலையில் நின்று அவருடைய மாணவனாக முடிந்தது.

கராஜ் என்ற அறை இந்தக் கதைக்குள் வருவது அமெரிக்காவில்தான். முதலில் கார்களைக் குதிரை லாயத்தில்தான் நிறுத்தினாங்க. 1908இல் ஃபோர்டின் மொடல் டி வந்து, கார் சாதாரண ஆட்கள் கைக்கும் போன பிறகு, வீட்டோடு சேர்ந்த கராஜ் பரவியது. பரவிய கொஞ்ச நாளிலேயே அது காருக்கு மட்டுமான இடமாக இல்லாமல் போச்சு. ஹியூலட் பக்கார்ட் கம்பனி 1939இல் ஒரு கராஜில் இருந்துதான் தொடங்கியது. இரும்பும் அதே மாதிரித்தான். 1965இல் கலிபோர்னியாவின் வெனிஸில் ஜோ கோல்ட் தன் கையாலேயே கருவிகளைச் செய்து கோல்ட்ஸ் ஜிம்மைத் திறந்தார், ஆர்னோல்ட் பயிற்சி செய்த இடம். பிறகு ஜிம் என்பது கண்ணாடி, ஏசி, மாதச் சந்தா என்று ஆச்சு. அதுக்கு எதிர்ப்பாக வந்ததுதான் கிராஸ்ஃபிட். 2002இல் அதன் சஞ்சிகையின் ஆரம்ப இதழ்களில் ஒன்று முழுக்கக் கராஜ் ஜிம் பற்றியது. ஒரு கம்பி, கொஞ்சம் தட்டு, ஒரு ஸ்டாண்ட், தொங்க ஒரு பார், அவ்வளவு போதும் என்ற நினைப்பு அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. பெரிய உபகரணக் கம்பனியான ரோக்கும் 2006இல் ஒரு கராஜில்தான் பிறந்தது.

அங்கே கராஜ் மாறியது வசதி கூடினதால். இங்கே மாறியது நெருக்கடியால்.

2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு. ஜிம்மெல்லாம் மூடியாச்சு. அதே மாதம் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதியையும் நிறுத்தினாங்க. பழைய வாகனத்தின் விலை ஏறியது, நல்ல விலை வருதே என்று சிலர் வித்துட்டாங்க. 2022இல் பெற்றோல் இல்லை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. கார் இருந்த வீட்டில் அது அசையாமல் நின்றது, வித்த வீட்டில் ஷெட் காலி. டொலர் ஏறியதில் இறக்குமதி டம்பெல்லை நினைக்கவே முடியாது. அதனால் சீமெந்து வாங்கினாங்க. கொங்கிறீட் ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ. 4 லீட்டர் பெயின்ற் டின் நிறைய வார்த்தால் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 10 லீட்டர் வாளி என்றால் 24 கிலோ. நடுவில் ஒரு ஜிஐ பைப். இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே கலவையில் வார்க்கணும், இல்லாட்டி ஒரு பக்கம் இழுக்கும். தரையில் பழைய டயர் றப்பர். தகரக் கூரை என்றால் தம்புள்ளை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு உள்ளே நிற்கவே ஏலாது, விடியக்காலையில் முடிச்சிரணும். முழு நீளப் பார்பெல் 2.2 மீற்றர், தட்டு மாட்ட இரண்டு பக்கமும் இடம் வேணும். அதுக்கு நம்ம ஷெட்டுகள் பெரும்பாலும் ஒடுக்கம்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வருது. ஷெட் யாருக்கு இருக்கு?

அமெரிக்காவில் ஒரு காருக்கான கராஜ் சாதாரணமாக 12 x 20 அடி. தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறை 10 x 12. அதாவது ஒரு காருக்குக் கொடுத்த இடத்தில் பாதி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக இந்தத் தம்புள்ளையைத் தாண்டித்தான் மாத்தளைக்கு நடந்தாங்க. 150 மைல் அளவு. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். அவங்க தலையில் சுமந்த பாரத்தை யாரும் உடற்பயிற்சி என்று எழுதவில்லை. இன்றைக்கும் பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டாமிமார் விடிய விடிய மரக்கறி மூட்டை ஏற்றி இறக்குறாங்க. அவங்களுக்கு வேண்டியது ஸ்குவாட் ரெக் இல்லை, முதுகு வலி வந்தால் சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு. 'சும்மா' பாரம் தூக்குவது ஓய்வு நேரம் உள்ளவனின் வேலை என்பதை மறந்துட்டு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனசு வரல.

அதுக்காகக் கராஜ் ஜிம் பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்கல் வந்ததே 2000 சிட்னியில்தான். அந்த முதல் தடவையிலேயே 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தார். டோக்கியோவில் வெள்ளி எடுத்த மீராபாய் சானு சின்ன வயதில் விறகுக் கட்டு சுமந்தவர். நம்ம ஊர்களில் ஆண்கள் நிறைந்த ஜிம்முக்கு ஒரு பிள்ளை போனால் பார்வையும் பேச்சும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு ஷெட் என்றால் அம்மாவும் தடுக்க மாட்டா. பக்கத்து வீட்டு அக்கா, சித்தி, ஸ்கூல் தோழி என்று நாலு பேர் சேருவாங்க. கதவைச் சாத்திட்டுத் தூக்கலாம்.

பார்த்தால் இது சாண்டோவின் தனி ஆள் பார்சல் இல்லை, பழைய களத்துக்குத்தான் கிட்ட. எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டில் ஆறு பேர் பயிற்சி செய்றாங்க. சந்தா கிடையாது, கரண்ட் பில்லை மட்டும் பங்கு போடுறாங்க. சீமெந்துத் தட்டு உடைந்தால் உடைத்தவர் வார்த்துத் தரணும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துட்டாங்க. அந்த வீட்டு மாமாவும் லீசிங் கம்பனிக்கு ஒரு தடவை போய் வந்தார். மாதக் கட்டணத்தைக் கேட்டுட்டு வந்தவர், இப்போதைக்கு ஷெட்டைப் பற்றி ஒன்றும் பேசல.