இரண்டு பட்டம் பெறும் மூளை மருத்துவர்



தோட்டத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், அந்தக் காலத்தில் முதலில் டிரெஸ்ஸர் ஐயாவிடம்தான் ஓடுவோம். அவரால் முடியாதபோது பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார். அங்கே பெரிய டாக்டர் பார்த்து மருந்து கொடுப்பார். அந்தப் பெரிய டாக்டரும், "இதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் எங்கே போவது?

மூளை, நரம்பு நோய்கள் பலவற்றில் நிலைமை அதுதான். நடுக்குவாதம் என்ற நோயையே எடுத்துக்கொள்வோம். கை நடுங்கும், நடை தளரும், முகம் இறுகிவிடும். வயதாகிவிட்டது என்று நினைத்து வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். விவரம் கிடைத்தது, தக்க மருந்து கிடைக்கவில்லை. 140 ஆண்டுகள் ஓடின.

1957இல் சுவீடன் நாட்டில் ஆர்வித் கார்ல்சன் ஒரு சோதனை செய்தார். இவர் மருத்துவமும் படித்து, ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு டோபா என்ற பொருளைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின! டோபா மூளையில் டோபமைன் என்ற இரசாயனமாக மாறுகிறது. உடல் அசைவுக்கு அது தேவை என்று தெரிந்தது.

ஆயினும் முயலுக்குக் கிடைத்த பலன் மனிதருக்குப் போய்ச் சேர வேண்டுமே! 1960இல் வியன்னா நகரில், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, டோபமைன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1961இல் அங்கேயே நோயாளிகளுக்கு டோபாவை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் சில மணி நேரம் எழுந்து நடந்தார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் அதை வாய்வழியாக, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, நீடித்த பலனைக் காட்டினார். நோயை அடியோடு தீர்க்காவிட்டாலும், இன்றும் இந்நோய்க்கு முக்கிய மருந்து அதுவே. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுக்கூடத்து மேசைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. இரண்டு கரையையும் அறிந்தவரே அந்தப் பாலமாக முடியும்.

இந்த எண்ணத்தில்தான் 1956இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், எம்.டி. என்ற மருத்துவப் பட்டத்தையும் பிஎச்.டி. என்ற ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் பெறும் படிப்பைத் தொடங்கியது. ஆனால் இத்தனை ஆண்டு யார் செலவு செய்வது? கடன் சுமையோடு படித்தவர், சம்பாதிக்கத்தானே போவார்? ஆராய்ச்சிக்கு வருவாரா? எனவே 1964இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையம் மூன்று மருத்துவக் கல்லூரிகளுக்கு மானியம் கொடுத்தது. மாணவருக்குப் படிப்புக் கட்டணமும் கைச்செலவுக்குப் பணமும் கிடைத்தன. பின்னர் இத்திட்டம் 50க்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பரவியது. 1969இல் நரம்பியல் ஆய்வாளர்களுக்கென அங்கே தனிச் சங்கமும் தோன்றியது.

சரி, அங்கே இவ்விரு பட்டங்களையும் பெற மாணவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாலாண்டு பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும். மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உழைத்த அனுபவமும் வேண்டும்.

சேர்ந்தபின், முதல் இரண்டு ஆண்டு மருத்துவப் பாடம். விடுமுறையில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்து, தமக்கேற்ற வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பார்.

அடுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆராய்ச்சி. நரம்பு உயிரணு, மூளையின் அமைப்பு, புள்ளியியல், ஆராய்ச்சி நெறி ஆகியவற்றைப் படிக்க வேண்டும். மருத்துவப் பாடங்களில் சில இதற்கும் கணக்கில் சேர்வதால் காலம் மிச்சமாகும். பிறகு தகுதித் தேர்வு. அதில் தேறியவர், பிறர் கண்டறியாத புதிய உண்மை ஒன்றைத் தம் உழைப்பால் கண்டறிய வேண்டும். சோதனை பலமுறை தோற்கும். மீண்டும் செய்ய வேண்டும். பொறுமைக்கு உண்மையான சோதனை இங்கேதான். முடிவில் ஆய்வேடு எழுதி, பேராசிரியர் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும்.

அதன்பின் மறுபடியும் ஆஸ்பத்திரி. பொது மருத்துவம், அறுவை, குழந்தை நலம், பிரசவம், மனநோய், நரம்பு நோய் ஆகிய வார்டுகளில் சுமார் இரண்டு ஆண்டு பயிற்சி. மொத்தம் ஏறக்குறைய எட்டு ஆண்டு. நரம்பியல் நிபுணராக வேண்டுமானால் இன்னும் நான்கு ஆண்டு.

பெற்றோர்களே, கேட்கும்போதே மலைப்பாக இருக்கிறது அல்லவா? முதல் சம்பளம் எப்போது வரும் என்று எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய கேள்விதான். மேலும், அமெரிக்க அரசின் அந்த மானியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. ஆனால் வழி அது ஒன்றுதான் என்பதில்லை. அருகில் சிங்கப்பூரில், 2005இல் நிறுவப்பட்ட டியூக்-தேசியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலும் இந்த இரட்டைப் படிப்பு உண்டு.

இரண்டையும் தனித்தனியாகவும் பெறலாம். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்து, பின்பு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். கை இழந்தவர்கள் சிலர், இல்லாத கையில் வலி என்று துடிப்பார்கள். 1990களில் அவர், இருக்கும் கையை ஒரு கண்ணாடியில் காட்டி, இரு கையும் இருப்பதுபோல் மூளைக்குத் தோன்றச் செய்தார். சிலருக்கு வலி தணிந்தது. ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி!

நோயாளியின் துயரை நேரில் கண்டவருக்கு, "ஏன்?" என்று கேட்கவும் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியே ஆராய்ச்சியின் வித்து. உங்கள் வீட்டுப் பிள்ளை, "தாத்தாவுக்கு ஏன் கை நடுங்குகிறது?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டி அடக்கிவிடாதீர்கள். கேட்கட்டும், படிக்கட்டும்.