சிவப்புக்கு யார் பயம்?

அரூப ஓவியத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எங்கட வயது ஆக்களிட்ட இருந்து முதல்ல வாற கேள்வி: "உதில என்ன இருக்கு? உதை நானும் கீறுவன்தானே?" இந்தக் கேள்வியை நக்கலடித்துத் தள்ளிவிட நாங்கள் விரும்பவில்லை. ஒரு சிவப்பு ஓவியத்தின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

நியூயோர்க் ஓவியர் பார்னெட் நியூமன் 1966க்கும் 1970க்கும் இடையில் நான்கு ஓவியங்களுக்கு 'சிவப்பு, மஞ்சள், நீலத்துக்கு யார் பயம்?' என்று பெயர் வைத்தார். மொன்ட்ரியான் இந்த மூன்று அடிப்படை நிறங்களையும் ஒரு கோட்பாடாகவே ஆக்கியிருந்தார். அந்தப் பாரத்தை இறக்கிவிட்டு, நிறத்தை நிறமாகவே உணர வைக்கவேணும் என்பதுதான் நியூமனின் எண்ணம்.

மூன்றாவது ஓவியம் 5.4 மீற்றர் அகலம், 2.2 மீற்றர் உயரம். கிட்டத்தட்ட முழுக்கச் சிவப்பு. இடது ஓரத்தில் ஒரு நீலப் பட்டி, வலது ஓரத்தில் அதைவிட மெல்லிய மஞ்சள் கோடு. வழமையான ஓவியத்தில் கண் போய் நிற்க ஒரு முகமோ மரமோ இருக்கும். இங்கே நடுவில் ஒன்றுமில்லை. கண் ஓரத்துக்கு ஓடுது, அங்கயும் நிக்க ஏலாமல் திரும்பச் சிவப்புக்குள்ள விழுது. இரண்டு ஓரமும் ஒரே அளவாக இருந்திருந்தால் ஓவியம் தராசு மாதிரி அசையாமல் நின்றிருக்கும்.

பெரிய ஓவியத்தைத் தள்ளி நின்று பார்ப்பதுதான் எல்லோருடைய பழக்கம். நியூமனோ 1951இல் தன் கண்காட்சியில், கிட்ட நின்று பாருங்கள் என்று அறிவித்தல் போட்டவர். கிட்டப் போனால் ஓரங்கள் பார்வையை விட்டு விலகிவிடும், சிவப்பு எங்களைச் சூழ்ந்துகொள்ளும்.

அந்தச் சிவப்பு சிலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. 1982இல் பேர்லினில் நான்காவது ஓவியத்தை ஒரு மாணவர் தாக்கினார். 1986 மார்ச்சில், அம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் நூதனசாலைக்குள் கத்தியோடு வந்த ஒருவர் மூன்றாவதைக் குறுக்காகக் கிழித்தார். வெட்டுகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 15 மீற்றர். கிழித்தவரும் ஓவியர்தான். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி அவரை மெச்சினவையும் இருந்தவை.

பிறகு திருத்தும் வேலை. அது நியூயோர்க்கில் நடந்து, 1991இல் ஓவியம் திரும்பி வந்தது. வந்ததும் பெரிய சண்டை. சிவப்பின் ஆழம் போய்விட்டது, சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி உருளையால் பூசப்பட்டிருக்கிறது என்று விமர்சகர்கள் குற்றஞ்சாட்டினார்கள். திருத்தியவர் மறுத்தார். விசயம் வழக்குவரைக்கும் போனது.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அது வெறும் சிவப்பு, ஆரும் பூசலாம் என்றால், திரும்பப் பூசினதோட கதை முடிந்திருக்கவேணும். அனுபவமுள்ள ஒருவர் வருசக்கணக்காக வேலை செய்தும், முந்திப் பார்த்தவர்களின் கண் அதை ஏற்கவில்லை. நியூமன் 1970இலேயே இறந்துவிட்டார், அவரிடம் கேட்கவும் வழியில்லை.

நாங்கள் இந்த ஓவியத்தை ஃபோனில்தான் பார்த்திருக்கிறோம், உள்ளங்கை அளவில். அம்ஸ்டர்டாமுக்குப் போய்ப் பார்க்கிற ஆளுக்கும் இப்ப கிடைப்பது திருத்தப்பட்ட சிவப்பு. 1986க்கு முதல் அதன் முன்னால் நின்றவர்களின் ஞாபகத்தில்தான் நியூமனின் சிவப்பு மிச்சமிருக்கிறது.